மண்ணையும் மிதிக்காமல், வாசலையும் மிதிக்காமல்

நான் கப்பலில் போய்வந்தவன் என்று ராஜபாளையத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவன் நான்தான். பஞ்சு வண்டியோடு நாலைந்து தடவை தூத்துக்குடிக்குப் போயிருக்கிறேன். கரையில் நின்று கப்பலைப் பார்த்திருக்கிறேன். பார்த்ததற்கும் ஏறினதற்கும் நடுவில் ஒரு பலகைதானே என்று, ஏறினதாகவே சொல்லிவிட்டேன். அதனால் யாருக்கும் கெடுதல் வராது என்று எண்ணியிருந்தேன்.

வந்தது, மம்சாபுரத்து வேலம்மாள் ரூபத்தில்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். கையில் மிஞ்சிய அந்தப் பாதிப் படிப்பை வைத்துக்கொண்டு, வண்டி வேலை இல்லாத நாட்களில் சந்தையில் உட்கார்ந்து கடிதம் எழுதிக் கொடுப்பேன். வேலம்மாள் கொழும்பில் இருந்த தன் அண்ணன் முத்தையாவுக்கு என்னிடம்தான் கடிதம் எழுதிக்கொள்வாள். ஆகவே அந்த வீட்டுச் சண்டை எனக்கு எழுத்து எழுத்தாகத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் விருந்துக்குக் கிடா வெட்டினால் தலைக்கறி தாய்மாமன் இலைக்குப் போக வேண்டும். வேலம்மாளின் மகள் பேச்சிக்குப் பேர் வைத்த விருந்தில், அவள் புருஷன் இருளப்பன் பந்தி அவசரத்தில் அதைத் தன் பெரியப்பா இலையில் வைத்துவிட்டார். முத்தையா இலையை மூடாமல் எழுந்தார். "இனி இந்த ஊரு மண்ண மிதிக்க மாட்டேன்" என்றார். இருளப்பன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "உம்ம வாசல நான் மிதிச்சா எம் பேர மாத்திக் கூப்பிடும்" என்று பதில் சபதம் போட்டார். ஒருவர் கொழும்பில் போய்க் கடை வைத்தார். மற்றவர் மம்சாபுரத்தில் வெங்காயம் போட்டார். நாலு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

பேச்சிக்கு ஐந்தாவது வயது முடியப் போகிறது. காது குத்த ஒற்றை வயது வேண்டும். ஐந்தை விட்டால் ஏழுதான். அதுவரை மகளை மூளிக்காதோடு விட வேலம்மாளுக்கு மனமில்லை. மாமன் மடி இல்லாமல் குத்தவும் மனமில்லை. மூன்று கடிதம் எழுதினோம். மூன்றுக்கும் ஒரே பதில்: மண்ணை மிதிக்க மாட்டேன். வீட்டில் இருளப்பனிடம் கேட்டாலும் ஒரே பதில்: வாசலை மிதிக்க மாட்டேன்.

நாலாவது கடிதத்தில் வேலம்மாள் சொல்லாத ஒரு வரியை நானாகச் சேர்த்தேன். மண்ணும் வேண்டாம், வாசலும் வேண்டாம், தோணி கொழும்பில் நங்கூரம் போட்டு நிற்கட்டும், அதிலேயே வைத்துக் குத்திவிடலாம் என்று. எழுதும்போது வேடிக்கையாகத்தான் எழுதினேன். முத்தையா பதில் போட்டார்: "தோணி வரட்டும், ஏறுகிறேன். அதே கிடையிலிருந்து கிடா வர வேண்டும். தலையை அதே கைதான் தர வேண்டும்."

"அண்ணே, நீங்கதான் கப்பலுக்குப் பழக்கப்பட்டவரு. கூட வாங்க" என்றாள் வேலம்மாள். என்னால் மறுக்க முடியவில்லை.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை தூத்துக்குடிக் கரையில் நின்றோம். நான், வேலம்மாள், இருளப்பன், பேச்சி, காது குத்துவதற்கு ஓர் ஆசாரி, ஒரு கறுப்புக் கிடா. முகூர்த்தம் வெள்ளிக்கிழமை காலை. நீராவிக் கப்பலில் ஒரே ராத்திரியில் போய்விடலாம். ஆனால் கிடாவை ஏற்ற மாட்டோம் என்றார்கள். ஆகவே பாய்மரத் தோணி. வெங்காய மூட்டையும் மிளகாய் மூட்டையும் ஏற்றிப்போகும் சின்னத் தோணி. அதன் தலைவரைத் தண்டல் என்பார்கள். எங்கள் தண்டல் சவரிமுத்து, கழுத்தில் சிலுவையும் இடுப்பில் கத்தியும் தொங்க, எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

"மேக்கத்தி ஆளுவளா? எல்லாரும் மொத மொதல்ல ஏறுதியளா?"

"அண்ணன் பழகினவரு" என்று வேலம்மாள் என்னைக் காட்டினாள்.

"அப்படியா கப்பல்காரரே, நீங்களே மொதல்ல ஏறும்" என்றார் தண்டல்.

கரைக்கும் தோணிக்கும் நடுவே ஒரு தேக்குப் பலகை. நான் நின்றபடி பாதி தூரமும் தவழ்ந்தபடி மீதி தூரமும் போனேன். ஆசாரி கருவிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு வந்தார். கிடா மட்டும் வரப்பில் போவது போலப் போயிற்று. தண்டல் எங்களை விடப் பலகையைத்தான் கவனித்தார். "பாத்து வே. அது எங்கய்யா காலத்துப் பலக. ஆளு விழுந்தா எடுத்துக்கிடலாம்."

செவ்வாய்க்கிழமை நல்ல காற்று. நல்ல காற்று என்று சொன்னவர் தண்டல். எங்களுக்குக் குடல் வாய்வழி வந்தது. ஆசாரி நனைந்த துணி மாதிரி மூட்டை மேல் கிடந்தார். "ஆசாரியாரே, கை நடுங்குதே, வெள்ளிக்கிழம குத்திருவீரா?" என்று இருளப்பன் கேட்டதற்கு, "உசுரு இருந்தா பாப்போம்" என்றார். நான் பழக்கப்பட்டவன் என்பதால் கம்பீரமாக எழுந்துபோய் ஓரத்தில் நின்று வாந்தி எடுத்தேன். எடுத்ததெல்லாம் திரும்பி என் முகத்துக்கே வந்தது.

"கப்பல்காரரே, காத்து வாற பக்கம் வாந்தி எடுக்கப்படாதுன்னு முன்ன போன கப்பல்ல ஒருத்தரும் சொல்லலியோ?" என்றார் தண்டல். வேலம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதன்பின் தோணியில் என்னை யாரும் வேறு பேரால் கூப்பிடவில்லை.

சாப்பாடு ஒரு வேளைதான் பொங்குவார்கள். மணல் நிரப்பிய மரப்பெட்டி மேல் அடுப்பு. புழுங்கலரிசிச் சோறு, சீலாக் கருவாட்டுக் குழம்பு. குழம்பில் அவர்கள் ஏற்றிப்போகும் மிளகாயில் பாதி இருந்தது. எங்கள் கட்டுச்சோறு செவ்வாய் மாலையே புளித்துவிட்டதால் அதைத்தான் தின்றோம். குடிக்கத் தண்ணீர் ஆளுக்கு மூன்று செம்பு. கிடாவுக்கு வேலம்மாள் தன் பங்கில் ஒன்றைக் கொடுத்தாள்.

புதன்கிழமை காற்று செத்துப்போயிற்று. பாய் காயப்போட்ட வேட்டி போலத் தொங்கியது. கடல் எங்கள் ஊர்க் கண்மாய் மாதிரி அசையாமல் கிடந்தது. வயிறு சரியானதும் இருளப்பனுக்குச் சம்சாரி புத்தி திரும்பியது.

"இம்புட்டுத் தண்ணி கெடக்கு. இந்தக் கண்மாய்க்குத் தண்ணி வெளியேறுற கலிங்கு எந்தப் பக்கம் தண்டலே?"

"அதத் தேடித்தான் வே நாங்க தெனமும் போறோம்."

"கெடச்சா சொல்லும். மம்சாபுரத்துக்கு ஒரு வாய்க்கா இழுத்துருவோம்."

வேலம்மாள் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு முன் காற்று வருமா என்று அவள் தண்டலை நாலு தடவை கேட்டுவிட்டாள். ஐந்தாம் தடவை அவரே அருகில் வந்து, "தாயி, காத்து எனக்கு மாமனா மச்சானா? வந்தா வரும்" என்றார்.

கொண்டுவந்த அகத்திக்கட்டு புதன்கிழமை தீர்ந்தது. கிடா முதலில் ஆசாரியின் வெற்றிலையைத் தின்றது. பிறகு காதுகுத்துக்கு என்று கட்டிக் கொண்டுவந்த மாவிலைத் தோரணத்தைத் தின்றது. பாயின் ஒரு மூலையைத் தின்றது. மத்தியானம் நான் கண்ணயர்ந்தபோது என் மடியிலிருந்து முத்தையாவின் சம்மதக் கடிதத்தை உருவித் தின்றுவிட்டது. பேச்சி பக்கத்தில் இருந்து ஊட்டியிருக்கிறாள்.

அவளுக்கும் கிடாவுக்கும் அதற்குள் ஒட்டிக்கொண்டது. அவள் அப்பாவிடம் கேட்டாள்: "கிடா தலைய மாமாவுக்குக் குடுத்துட்டா, பொறவு அது எத வச்சுத் திங்கும்?" இருளப்பன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலிங்கு தேடுகிறாரோ என்னவோ.

வியாழன் விடியலில் காற்று வந்தது. சாயங்காலம் கொழும்பு தெரிந்தது. முதலில் ஒரு வெளிச்ச வீடு. பிறகு கப்பல்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு உயரம் புதிதல்ல. ஆனால் அந்த உயரம் மிதப்பதைப் பார்த்தது அன்றுதான். நங்கூரம் போட்டோம். "நாளைக்குக் காலைல எங்க அண்ணன் வந்துருவாரு" என்று வேலம்மாள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

அண்ணனுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார டாக்டர் படகில் வந்தார். பிளேக் பயம் இருந்த காலம் அது. நாக்கை நீட்டச் சொன்னார், அக்குளைத் தடவினார். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஐந்து நாள் யாரும் இறங்கக் கூடாது என்று மஞ்சள் கொடி கட்டச் சொல்லிவிட்டுப் போனார். அவர் பேச்சைத் தமிழில் சொல்லக் கூட வந்த துபாஷி இன்னொன்றும் சொன்னார்: "கரையிலிருந்து யாராவது ஏறினாலும் ஏறினதுதான். அவரும் அஞ்சு நாள் இறங்க முடியாது."

இரண்டு பேரும் நாலு வருஷமாகக் கட்டிக் காத்த சபதத்தைச் சர்க்காரே பொறுப்பேற்றுக்கொண்டது போல எனக்குப் பட்டது. சிரித்தேன். வேலம்மாளின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை முத்தையா வந்தார். சரிகை வேட்டி, தட்டில் பாவாடைத் துணி, வெல்லம், பழம், ஒரு ஜோடிக் கம்மல். ஒரு சிங்களவர் துடுப்புப் போட்டார். தோணிக்கு நாலு முழம் தள்ளிப் படகு நின்றது. விஷயத்தை நான் சொன்னேன்.

"அஞ்சு நாளா? கடைய யாரு பாப்பா?" என்றார் முத்தையா.

இருளப்பன் என்னிடம் திரும்பினார். "ஏறப் பயமா இருக்கான்னு அவியட்ட கேளு."

"எனக்கென்ன பயம்னு அவரட்ட சொல்லு."

நாலு முழத் தூரம். இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். இருந்தாலும் நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன். முத்தையாவுக்கு வேறு ஒரு யோசனை வந்தது. "தோணி வந்தா ஏறுதேன்னு நான் எப்ப எழுதுனேன்? கடுதாசியக் காட்டு பாப்போம்."

நான் கிடாவைக் காட்டினேன்.

தண்டல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சிங்களப் படகோட்டி முத்தையாவிடம் ஏதோ கேட்டார். "இது சண்டையா கல்யாணமான்னு கேக்கான்" என்று முத்தையா முணுமுணுத்தார்.

ஆசாரி வெயிலைப் பார்த்தார். "இன்னும் அரை நாழிகைதான் இருக்கு தாயி."

வேலம்மாள் தோணி ஓரத்துக்கு வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணே, கடைதான் பெருசுன்னா போங்க. நான் எம் மடில வச்சுக் குத்திக்கிடுதேன். நாலு நாளா வாந்தி எடுத்துக்கிட்டு, செம்புத் தண்ணியக் கிடாயோட பங்கு போட்டுக்கிட்டு வந்துருக்கேன். ஊர்ல கேட்டா எம் பிள்ளைக்கு மாமன் இல்லன்னு சொல்லிக்கிடுதேன்."

முத்தையா தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். படகு ஆடியது. அப்போது பேச்சி அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்த மாமன். அவளுக்கு அவர் யாரோ.

"நீங்கதான் மாமாவா? கிடாவுக்கு எல கொண்டாந்தியளா?"

"எலையா? வெத்திலதான் இருக்கு."

"அது திங்கும். ஆசாரி வெத்திலயத் தின்னுச்சே."

முத்தையா சிரித்துவிட்டார். சிரித்தவருக்குப் பிறகு முறைப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை. தட்டை என்னிடம் நீட்டினார், வேட்டியை மடித்துக் கட்டினார், கயிற்றைப் பிடித்து ஏறிவிட்டார். தள்ளிக் காவலுக்கு நின்ற சர்க்கார் படகிலிருந்து ஒருவன் கத்தினான். சிங்களவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கரைக்குத் துடுப்புப் போட்டார்.

காது குத்தியாயிற்று. ஆசாரியின் கை சரியாகத்தான் இருந்தது. அவளை மடியில் வைத்திருந்த மாமன்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பேச்சி ஊசிக்கு அழவில்லை. "இனி கிடாதான்" என்று யாரோ சொன்னதும்தான் அழத் தொடங்கினாள். கடலில் அவ்வளவு பெரிய சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

தண்டல் கத்தியை நீட்டினார். இருளப்பன் கத்தியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு கிடாவின் கயிற்றை அவிழ்த்து முத்தையாவின் கையில் வைத்தார்.

"தலையக் குடுத்துட்டேன்னு அவியட்ட சொல்லு. உடம்பும் கூட ஒட்டிக்கிட்டு இருக்கு. அது எங்குத்தமில்ல."

நான் சொன்னேன். முத்தையா கயிற்றை வாங்கிக்கொண்டார். "அதே கைதான்னு சொல்லு" என்றார்.

பிறகுதான் கஷ்டம் எனக்கு. நாலு ஆள் நீளத் தோணியில் மச்சானும் மாப்பிள்ளையும் எதிரெதிர் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, உப்பு வேண்டும், வெயில் அடிக்கிறது, தள்ளி உட்காரச் சொல் என்று எல்லாவற்றையும் என் வழியாகவே பேசினார்கள். சிங்களவர் தினமும் காலையில் படகில் பலா இலைக்கட்டும் இளநீரும் கொண்டுவந்து கயிற்றில் கட்டிவிட்டுப் போவார். முத்தையா கிடாவுக்கு இலை போடுவார். இருளப்பன் தண்ணீர் காட்டுவார். இருவரும் கிடாவோடு பேசினார்கள். அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டுமோ என்று பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மத்தியானம் வேண்டுமென்றே மூட்டைக்குப் பின்னால் படுத்து உறங்கிவிட்டேன். எழுந்தபோது இரண்டு பேரும் நேரடியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சோத்த அடிப்பிடிக்க விட்டது யாரு? நீருதான மாப்பிள?"

"நீரு விறகத் தள்ளாம இருந்தா ஏன் பிடிக்குது மச்சான்?"

வேலம்மாள் எனக்குக் கையால் சைகை காட்டினாள்: படுத்தே இரும்.

புதன்கிழமை மஞ்சள் கொடி இறங்கியது. எல்லோரும் கரைக்குப் போனோம். ஒன்பது நாள் ஆடினதில் தரை ஆடியது. முத்தையாவின் கடை துறைமுகத்துக்கு அடுத்த தெருவில். முன்னால் கடை, பின்னால் வீடு. தெரு முழுக்கத் தேங்காய் எண்ணெய் வாசனை. எங்கள் ஊரில் தேங்காயைக் குழம்புக்கு அளந்து போடுவோம்; அங்கே சோற்றுக்கே சம்பல் என்று மிளகாயோடு அரைத்து மலை மாதிரி வைக்கிறார்கள்.

முத்தையா கிடாவோடு உள்ளே போனார். கயிற்றின் மறுமுனையை விடாமல் பேச்சி போனாள். அவள் பின்னால் வேலம்மாள் போனாள். ஆசாரி சோற்று வாசனை பிடித்துப் போனார். இருளப்பன் தெருவிலேயே நின்றுவிட்டார்.

"வாரும் மாப்பிள" என்று உள்ளேயிருந்து முத்தையா கூப்பிட்டார்.

"வாசல மிதிக்க மாட்டேன்னு சொன்னவன் நான். நீரு மண்ண மிதிக்காமத்தான ஏறுனீரு? எனக்கு மட்டும் வாக்கு இல்லயா?"

வேலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒன்பது நாள் கழித்தும் இதுதானா என்று எனக்கும் கோபம் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் உள்ளே போக ஆசைதான். வழிதான் தெரியவில்லை.

நான் துறைமுகத்துக்கு ஓடினேன். தண்டலின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, அவர் ஐயா காலத்துத் தேக்குப் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரு முனையைத் தெருவில் ஒரு கல் மேலும், மறுமுனையைக் கடைக்குள் ஒரு மிளகாய் மூட்டை மேலும் வைத்தேன். நிலைப்படியைத் தொடாமல் அதன் மேலே ஒரு முழ உயரத்தில் பலகை நின்றது. இருளப்பன் செருப்பைக் கழற்றினார். தெருவில் போனவர்கள் நின்று பார்க்க, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தலை நிலையில் இடிக்காமல் குனிந்து, வாசலை மிதிக்காமல் மச்சான் வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தார். தூத்துக்குடியில் நடந்ததை விட நன்றாகவே நடந்தார்.

சாப்பிட்டோம். உறங்கினோம். மறுநாளும் சாப்பிட்டோம். மறுநாள் மத்தியானம் தண்டல் சவரிமுத்து தெருவில் நின்று கத்தினார்.

"கப்பல்காரரே! பலக இல்லாம எப்படி வே சரக்கு ஏத்துவேன்? செத்த நேரம்னு சொல்லித்தான தூக்கிட்டு வந்தீரு?"

இருளப்பன் கை கழுவிவிட்டு அவசரமாக எழுந்தார். முத்தையா அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நீங்க எடுத்துட்டுப் போங்க தண்டலே. பொறவு இவரு எந்த வழியா வெளிய போறாருன்னு நான் பாக்கேன்."

தண்டல் பலகையின் ஒரு முனையில் கை வைத்தார். என்னைப் பார்த்து, "மறுமுனையத் தூக்கும்" என்றார். நான் பந்தியைத் திரும்பிப் பார்த்தேன். வேலம்மாள் தண்டலுக்கும் ஓர் இலை போட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் மறுமுனையைத் தூக்கினேன்.